நானே கண்ணால் பார்த்தேன்

ஷேரன் ஆரோக்கியநாதனைப் பற்றி மருத்துவமனையில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்வார்கள். மேல்மாடி அலுவலகத்தில் கேட்டால் பிடிவாதக்காரி, வாய்க்கொழுப்பு அதிகம், கட்டிலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்பார்கள். வார்டில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. வயது நாற்பத்தெட்டு. கழுத்தில் தொங்கும் அட்டையில் கேஸ் மேனேஜர் என்று போட்டிருக்கும். பார்ப்பவர்கள் ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொள்வார்கள். டாக்டர் வந்து, "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் கிடக்கும் அத்தனை வேலையும் ஷேரன் தலையில்தான் விழும். வீட்டில் மருந்து யார் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது யார், குளியலறை வாசலில் சக்கர நாற்காலி நுழையுமா, கரண்ட் போனால் சளி உறிஞ்சும் மெஷினுக்கு என்ன வழி. இதெல்லாம் தீர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி, அடியில் இருக்கும் கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் எல்லாத் தகராறுக்கும் மூலகாரணம்.

பட்டர்வொர்த்தில் பிறந்தவள். அப்பா ஆரோக்கியநாதன் பினாங்குத் தீவுக்குப் போய்வரும் ஃபெரியில் வேலை பார்த்தவர். கப்பல் துறையை நெருங்கும்போது முன்வரிசை மோட்டோக்காரர்கள் எல்லாரும் எஞ்சினை முறுக்கிக்கொண்டு, மனிதர் வாசல் சங்கிலியை எப்போது அவிழ்ப்பார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாலம் இறங்கி இரும்பும் இரும்பும் ஒட்டி உட்காரும்வரை அவர் சங்கிலியில் கை வைக்க மாட்டார். எவ்வளவு ஹார்ன் அடித்தாலும், எந்த மொழியில் திட்டினாலும் அவர் காதில் ஏறாது. அப்பனும் மகளும் ஒரே அச்சு என்று அம்மா அன்னமேரி அலுத்துக்கொள்வாள். ஷேரனுக்கு அது வசையாகப் பட்டதே இல்லை.

அதற்காகப் பிறந்த நாளிலிருந்தே அவள் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பதினாலு வருடத்துக்கு முன் ஷேரனும் எல்லாரையும் போலத் தாளைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். தாளில் ஒரு கேள்வி: வீட்டில் லிப்ட் உண்டா? ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் ஏழாம் மாடிக்காரர் ஒருவர் ஆக்சிஜனோடு வீட்டுக்குப் போக இருந்தார். லிப்ட் உண்டு என்றான் மகன். டிக். அந்தக் காலத்து பிளாட்டுகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, ஐந்தில் நிற்கும், பிறகு ஒன்பதில்தான் நிற்கும், நடுவில் இருப்பவர்கள் ஏறியோ இறங்கியோ போய்க்கொள்ள வேண்டும் என்பது பினாங்கில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஷேரனுக்குத் தெரியாதா? அவளுடைய சித்தி வீடே அப்படித்தான். தெரிந்த சங்கதி என்பதாலேயே கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மாடிப் படியை அந்த மனிதரைப் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். பாதி வழியில் ஆக்சிஜன் குழாய் கழன்றதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தார், நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் அடியிலும் அவளாகவே பேனாவால் ஒரு வரி எழுத ஆரம்பித்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் தன் கையால் செய்ததை நானே கண்ணால் பார்த்தேன். மேலே சிரித்தார்கள். மூன்று வருடம் விடாமல் எழுதினாள். நான்காவது வருடம் புதிய தாள் அச்சடித்தபோது அந்த வரி எப்படியோ அச்சிலேயே வந்துவிட்டது. பார்ப்பதற்கும் அவள் கணக்கு ஒன்று வைத்திருந்தாள். ஒரு வேலையை ஒருவர் மூன்று தடவை செய்து காட்ட வேண்டும். மூன்றாவது தடவை சொல்லிக்கொடுக்கிறவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயையும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷேரன் ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கப் பெண். ஆனால் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில், புனித அன்னம்மாள் படத்துக்குப் பக்கத்தில், ராகுகாலம் எமகண்டம் அட்டவணை ஒன்று இருக்கும். ராகுகாலத்தில் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போக எந்த வீட்டாருக்கும் மனசு வராது. அதோடு சண்டை போட்டு ஜெயித்த தாதி இந்தத் தீவில் கிடையாது. ஷேரன் சண்டை போட மாட்டாள், நேரத்தை மாற்றிக் கொடுப்பாள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். நிஜமாக நேரம் பார்க்கிறவர் ஒரு காரணம்தான் சொல்வார். அந்த நேரம் தாண்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டாவது காரணமும் வந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

முனுசாமியின் வெள்ளிக்கிழமையில் மூன்று காரணம் வந்தது.

முனுசாமிக்கு அறுபத்தேழு வயது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். மூன்று வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், விழுங்கும் சக்தி எல்லாம் போய்விட்டன. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்தான் பால். இரவு நீங்கலாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு ஆறு வேளை. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. மனிதருக்கு மிஞ்சிய சொல் 'சரி'. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. இன்றைக்கு என்ன கிழமை என்றாலும் சரி.

ஷேரன் இரண்டு நாள் கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தாள். ஒன்பது மணிக்குக் கட்டில் கூட்டம். எந்த வார்டில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பேசி முடிப்பது. அதை நடத்துகிறவன் கிளிஃபர்ட், கட்டில்களுக்குப் பொறுப்பானவன். ஷேரனைவிட ஆறு வயது இளையவன். ஒரே தேவாலயத்தில் இருவரும் பாட்டுக்குழு. பதவியில் அவன் மேலே இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான், முனுசாமியின் பெயரை வாசித்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டான். பதினொன்றுக்கு வீட்டுக்கு, குழாயில் பால் ஊற்றச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது, லிப்ட் உண்டு, அக்கா கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஷேரன் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றாள்.

வார்டுக்குப் போனபோது முனுசாமியின் மனைவி மீனாட்சி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது, மெலிந்த உருவம், மடியில் ஒரு துணிப்பை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அது தாண்டட்டும் மிஸ்ஸி என்றார். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு எந்தத் தாதியும் மிஸ்ஸிதான். ஷேரன் நேரத்தைப் பன்னிரண்டரைக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் மீனாட்சி தயங்கித் தயங்கி வந்து, மூன்றிலிருந்து நாலரை எமகண்டம், ஒருவேளை ஆம்புலன்ஸ் லேட்டானால் அதில் மாட்டிக்கொள்ளுமே என்றார். பிறகு அவரே, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்திலும் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார்.

ஷேரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய மடியில் இருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மீனாட்சி அக்கா, இதுவரைக்கும் பால் நீங்க ஊத்தியிருக்கீங்களா?"

"பையன் நல்லா ஊத்துவான் மிஸ்ஸி."

"பையன் வேலைக்குப் போயிட்டா?"

மீனாட்சி கணவரின் போர்வையை இழுத்துவிட்டார். மகன் கோகிலன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவன் வேலைக்குப் போய் வருவதற்குள் ஐந்து வேளைப் பால் ஓடிவிடும். வார்டுத் தாதி ஐனா முந்தின நாள் மாலையில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்போது மகன் இருந்திருக்கிறான், கையில் சிரிஞ்சை வாங்கி அழகாகச் செய்திருக்கிறான். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறார். டிக். வேலைக்குப் போகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவளை விட்டுவிட்டார்கள். ஷேரனுக்குத் தன் பழைய டிக் ஞாபகத்துக்கு வந்து காது சுட்டது.

கடைசியில் மீனாட்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். கணவர் காதில் விழக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு தாகமா இருக்கும்னு ஒரு கரண்டி தண்ணி வாயில விட்டேன் மிஸ்ஸி. புரை ஏறி மூஞ்சியெல்லாம் நீலமாயிருச்சு. தானா சரியாப் போச்சு, யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் அந்தக் குழாயத் தொடவே கை வரல. பையன் என்னான்னா, அம்மா பாத்துக்குவாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கான். வீட்டுல என் கையாலேயே அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எப்படி இருக்கறது?"

ஷேரன் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்வதற்கு அவளுக்கு வாய் வராது, ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பையனிடம் இதைச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு தாளை எடுத்து, சொல்லிக்கொடுத்தாகிவிட்டது என்ற டிக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதினாள்.

பதினைந்து நிமிடத்தில் கிளிஃபர்ட் வந்துவிட்டான். கோபமாக வரவில்லை, அதுதான் கஷ்டம். வெள்ளி மத்தியானம் வந்துவிட்டால் திங்கள்வரை மருத்துவமனை எப்படி நிரம்பும் என்று அக்காவுக்குத் தெரியாதா என்று கேட்டான். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி திங்கள்கிழமை போய்விடுவாள், நடுவில் இரண்டு நாள்தானே, மகன் பார்த்துக்கொள்வான் என்றான். இரண்டு நாளில் பன்னிரண்டு வேளைப் பால் என்றாள் ஷேரன்.

"அங்கிளே சரின்னு சொல்லிட்டாருக்கா. நான் கேட்டேன்."

ஷேரனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவனை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அண்ணே, இந்த கிளிஃபர்டைத் தூக்கி ஃபெரியிலேர்ந்து கடல்ல போட்டுறலாமா?"

"சரி," என்றார் முனுசாமி. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

கிளிஃபர்ட் சிவந்து போனான். வெளியே நடையில் வைத்து அவன் சொன்னதுதான் ஷேரனைத் தைத்தது.

"கீழ எமர்ஜென்சில ஒரு அம்மா விடியக்காலைலேர்ந்து ஸ்ட்ரெச்சர்ல கெடக்கறாங்க. எழுபத்திரெண்டு வயசு. உங்க ஆளு மட்டுந்தான் மனுஷனா, அவங்க இல்லையா?"

அவன் சொன்னது பொய்யில்லை. கட்டில் என்பது காலியாக இருந்தால்தான் இன்னொருவருக்கு. இதை நினைத்து அவள் தூக்கம் கெட்டதில்லை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அவளைத் தெரியாது. ஆனாலும் ஒருவருக்கு இடம் கொடுக்க இன்னொருவரைப் பாதிப் பாலத்தில் இறக்கிவிட முடியுமா? இறக்கிவிட்டால் அவர் மூன்று நாளில் நுரையீரல் முழுக்கப் பாலோடு அதே எமர்ஜென்சிக்குத்தான் வருவார். அப்போது ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர் கிடப்பார்கள்.

"நான் போட மாட்டேன்," என்றாள். "அவசரம்னா நீ போடு. இந்தா பேனா. அந்த வரிய நல்லாப் படிச்சுட்டு, கீழ உன் பேர எழுதிப் போடு."

கிளிஃபர்ட் பேனாவை வாங்கினான். வரியைப் படித்தான். நானே கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கிறவன். சற்று நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நான் மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றான். எழுது என்றாள் ஷேரன்.

முடியாது என்று சொல்லிவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அப்படி உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே தேவையில்லை. அவளுக்கு ஒன்று தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் எந்த மருத்துவமனையிலும் நாலு பேராவது குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்தபடி வீட்டுக்குப் போகக் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு மருந்து வந்திருக்காது, இன்னொருவருக்கு டாக்டர் கடிதத்தில் கையெழுத்து விழுந்திருக்காது. அவர்களை யாரும் அவசரப்படுத்துவதில்லை, ஏனென்றால் அவர்கள் யாருக்கும் தொந்தரவில்லாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஷேரன் வார்டு வார்டாக ஏறி இறங்கினாள். ஐந்தாம் மாடியில் இருவர், மூன்றாம் மாடியில் ஒருவர். மருந்தகத்தில் முழங்கையைக் கவுன்டரில் ஊன்றி, மருந்துப் பை மூன்றும் கைக்கு வரும்வரை நகராமல் நின்றாள். சாப்பிட உட்கார்ந்த டாக்டரின் தட்டுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்தாள். ஒரு மணிக்கெல்லாம் மூன்று கட்டில் காலி. எழுபத்திரண்டு வயது அம்மாவின் ஸ்ட்ரெச்சரை லிப்டுக்குள் தள்ளியது ஷேரன்தான். கிளிஃபர்ட் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் அவன் மேலே எழுதிவிட்டான், அவள் கையெழுத்து மறுத்ததைப் பார்க்காதது போல இருக்க அவனால் முடியாது.

சனிக்கிழமை ஷேரனுக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிப் பாலுக்கு வந்து நின்றாள். ஐனாவும் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். டிக் அடித்தவள் நான்தானே காக் ஷேரன், ஷேரன் அக்கா, என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழாதே, திரைச்சீலையை இழுத்துவிடு என்றாள் ஷேரன்.

முதல் தடவை நன்றாக இல்லை. தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், மூக்கருகே குழாயில் போட்டிருக்கும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிரிஞ்சால் கொஞ்சம் வெளியே இழுத்து, வருவதை, வயிற்று அமிலம் பட்டால் நிறம் மாறும் காகிதத் துண்டில் விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் சரியாக இருந்தால் குழாய் வயிற்றில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பால். மீனாட்சி சிரிஞ்சைச் சாய்த்துப் பிடித்தார். பாதிப் பால் விரிப்பில் சிந்தியது. இத்தனையும் என்னால் ஆகாது மிஸ்ஸி, படிக்காதவ நான் என்றார். ஷேரனுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குச் சமைத்துப் போடும்போது சோறு வெந்ததா இல்லையா என்று எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பீர்கள் அல்லவா? இதுவும் அவ்வளவுதான். நிறம் வராமல் பால் கிடையாது. எவன் வந்து சொன்னாலும் கிடையாது. மீனாட்சி அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் ஷேரன் தன் மோட்டோவில் அந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினாள். பதினாலு வருடத்துக்கு முந்திய அதே மாதிரி பிளாட், லிப்டும் அதே வகை. ஐந்தில் நின்றது, ஒன்பதில் நின்றது. முனுசாமியின் வீடு எட்டில். ஷேரன் படியில் ஏறி இறங்கி, அகலத்தைத் தன் துப்பட்டாவால் அளந்தாள். ஐந்தில் இறங்கினால் மூன்று மாடி ஏற்ற வேண்டும். ஒன்பதுக்குப் போய்விட்டால் ஒரே ஒரு மாடி இறக்கினால் போதும். உட்கார வைத்து இறக்கும் நாற்காலியும் இரண்டு ஆளும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. தாளில் லிப்ட் உண்டு என்ற டிக்கின் மேலும் குறுக்கே கோடு போட்டுவிட்டு, ஒன்பதில் இறங்கி ஒரு மாடி கீழே என்று பெரிய எழுத்தில் எழுதினாள். படிக்கட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த ஏழாம் மாடிக்காரரின் முகம் அவளுக்கு இன்னமும் மறக்கவில்லை, மறக்கவும் அவள் விரும்பவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தாள். இரண்டாம் தடவை பால் சிந்தவில்லை. இடையில் முனுசாமிக்கு இருமல் வந்தது. மீனாட்சி பயந்து ஷேரனைப் பார்த்தார். ஷேரன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீனாட்சி தானாகவே சிரிஞ்சைத் தாழ்த்தி, குழாயை மடித்துப் பிடித்து, இருமல் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஊற்றினார்.

திங்கள் ஒன்பது மணிக்கு மூன்றாம் தடவை. ஷேரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு கை இன்னொரு கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்று ஐனாவுக்குத்தான் தெரியும். மீனாட்சி யாரையும் பார்க்கவில்லை. தலைப்பக்கம், கோடு, காகிதம், நிறம், பால், கடைசியில் குழாயைக் கழுவத் தண்ணீர். முடித்துவிட்டுக் கணவரின் வாயோரத்தைத் துடைத்தார். சரியா ஊத்தினேனா என்று அவரிடம்தான் கேட்டார்.

"சரி," என்றார் முனுசாமி. அந்த ஒரு சொல்லை அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள்.

ஷேரன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஜாஹிரும் இமானும் நாற்காலியோடு வந்தபோது மணி பத்து நாற்பது. ஷேரன் வேண்டுமென்றே கேட்டாள், திங்கட்கிழமை பத்தரையிலிருந்து எமகண்டம், பரவாயில்லையா அக்கா?

"அது கெடக்கட்டும் மிஸ்ஸி. பன்னெண்டு மணிப் பாலுக்கு வீட்டுல இருக்கணும்."

அன்று மாலை மேசையில் காரணம் கேட்கும் கடிதம் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை மேலதிகாரியின் சொல்லை ஏன் மீறினீர்கள், மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. பதில் திருப்தியாக இல்லையென்றால் இந்தப் பொறுப்பிலிருந்து எடுத்து மறுபடி வார்டு ஷிப்டுக்கு அனுப்பிவிடலாம். அவளுக்கு ஷிப்ட் பயமில்லை. அவள் நாற்காலியில் அடுத்து உட்காரப் போகிறவர் கண்ணால் பார்ப்பாரா என்பதுதான் பயம். மகள் ஸ்டெஃபனி கோலாலம்பூரிலிருந்து போனில் அறிவுரை சொன்னாள். கடைசியில் ஒரே ஒரு வரி, நடந்ததற்கு வருந்துகிறேன் என்று போட்டுவிடு அம்மா, அவர்களுக்கும் மரியாதை, உனக்கும் வேலை நிற்கும். ஷேரன் இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு, புதன் மாலை அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டாள். அவளும் மனுஷிதானே. முழங்கால் வலிக்கிறது, வயது ஏறுகிறது.

வியாழன் நாலு மணிக்கு, கடிதத்தை அனுப்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது, மீனாட்சியின் அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் ஷேரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஆனால் அது அழுகிற குரல் இல்லை, சண்டை போட்டுவிட்டு வந்த குரல். காலையில் முனுசாமி தூக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிட்டாராம். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஓர் இளம் தாதிப் பையன் வந்து புதுக் குழாய் போட்டிருக்கிறான். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். பாலை எடுங்க ஆண்ட்டி என்றிருக்கிறான். மீனாட்சி காகிதத்தை எடுத்திருக்கிறார். நிறம் வரவில்லை. அதெல்லாம் உள்ளேதான் போயிருக்கிறது, எனக்குத் தெரியும் என்றிருக்கிறான் அவன்.

"நான் பால் சிரிஞ்ச முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன் மிஸ்ஸி. நிறம் வராம பால் கெடையாதுன்னுட்டேன். அவன் தாளை நீட்டி சைன் பண்ணுங்கன்னான். மாட்டேன்னுட்டேன். கோவத்தோட வாயத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தான். குழாய் தொண்டைல சுருட்டிக்கிட்டுக் கெடக்கு. மறுபடி போட்டான், காகிதத்துல நிறம் வந்துச்சு. அப்புறந்தான் பால். அப்புறந்தான் சைன்."

அவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டாள் ஷேரன். சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார் என்றார் மீனாட்சி. ஷேரனுக்கு மனசு முழுக்க அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

போனை வைத்துவிட்டுக் கணினித் திரையைப் பார்த்தாள். கடிதம் மூன்று வரி இருந்தது. வெள்ளிக்கிழமை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை கண்ணால் பார்த்தேன், அதனால் போட்டேன். நடந்ததற்கு வருந்துகிறேன்.

மூன்றாவது வரியை அழித்துவிட்டு அனுப்பினாள்.